புழு சாகவில்லை, முகம் எரிகிறது!

(பண்ணை ஒலிபரப்பில் கெங்கவல்லி வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



போன புரட்டாசியில் ஒரு மக்காச்சோள விவசாயி என்னைப் பார்க்க வந்தார். மூன்று காலிப் புட்டிகளை மேஜை மேல் வைத்தார். "சார், இருபது நாளுல மூணு தரம் அடிச்சாச்சுங்க. மூணும் வேற வேற கம்பெனி. குருத்துல புழு அப்படியே இருக்குது. என் மூஞ்சிதான் ராத்திரி பூரா ஊசி குத்துற மாதிரி எரியுது" என்றார்.

புட்டிகளைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்தேன். ஒன்று சைபர்மெத்ரின், ஒன்று டெல்டாமெத்ரின், மற்றது லாம்டா சைஹாலோத்ரின். கம்பெனி மூன்று, குடும்பம் ஒன்றுதான்! பைரித்ராய்டு என்று அதற்குப் பெயர். அவர் முகம் ஏன் எரிந்தது, புழு ஏன் சாகவில்லை என்று தெரிய வேண்டுமானால், நரம்பில் இருக்கிற ஒரு சின்ன மடையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்க்காலில் மடை இருக்கிறதல்லவா? நரம்பின் தோலிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத மடைகள் உண்டு. புரதத்தால் ஆனவை. நரம்புக்கு வெளியே சோடியம் அதிகம். நாம் சாப்பிடும் உப்பில் இருப்பதுதான். உள்ளே பொட்டாசியம் அதிகம். நாம் சாம்பல் சத்து என்று வயலுக்கு இடுவதுதான். செய்தி வந்தவுடன் சோடிய மடை திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த மின் அதிர்வு அடுத்த மடையைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததை. இப்படியே செய்தி ஓடுகிறது. திறந்த மடை சுமார் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடைபட்டு விடும். பிறகு பொட்டாசியம் வெளியேறி, நரம்பு பழைய நிலைக்கு வரும்.

இதைக் கணவாய் மீனின் தடித்த நரம்பில் அளந்து 1952ல் விளக்கியவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1976ல் ஜெர்மனியில் நேயரும் சாக்மனும் ஒரே ஒரு மடை வழியாக ஓடும் மின்சாரத்தையே அளந்து காட்டினார்கள். அவர்களுக்கு 1991ல் அதே பரிசு கிடைத்தது.

சரி, மருந்து என்ன செய்கிறது? மடைப் பலகையில் கல் சிக்கினால் மூட முடியாதே, அதுபோல பைரித்ராய்டு சோடிய மடையை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் அதிர்கிறது. புழு துடித்து, சுருண்டு, செத்து விழுகிறது.

நம் நரம்பிலும் அதே மடைதான். உள்ளே போன மருந்தை நம் உடல் வேகமாகச் சிதைத்து விடுவதாலும், நம் மடைகள் அதற்கு எளிதில் மசியாததாலும், புழு அளவுக்கு நமக்குப் பாதிப்பில்லை. ஆனால் தோலில் பட்டால், அங்குள்ள நரம்பு நுனிகள் அதிர்ந்து எரிச்சல் தரும். நம் விவசாயிக்கு நடந்தது அதுதான். பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். மீன்களுக்கு அந்தத் தப்பிப்பு இல்லை. சுவேத நதியிலோ கிணற்றிலோ தெளிப்பானைக் கழுவாதீர்கள்.

அப்படியானால் புழு ஏன் சாகவில்லை? ஆயிரக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே மடையின் அமைப்பு சற்று மாறியிருக்கும், மருந்து பிடிக்காது. வேறு சிலவற்றின் உடல் மருந்தைச் சிதைத்து விடும். ஒரே மருந்தை அடிக்க அடிக்க மற்றவை சாகும், இவை பிழைத்துப் பெருகும். நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்போமே, அதுபோல வீரியப் புழுவை நாமே பொறுக்கி வளர்க்கிறோம்! 1987ல் ஆந்திரப் பருத்தியில் காய்ப்புழுவுக்கு இந்த மருந்துகள் கேட்காமல் போய், விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். 2018ல் நம் மக்காச்சோளத்துக்கு வந்த படைப்புழுவோ, அமெரிக்கக் கண்டத்தில் இருந்தபோதே பைரித்ராய்டைத் தாங்கப் பழகிய இனம். போதாக்குறைக்குக் குருத்துக்குள் எச்சத்தை மூடிக்கொண்டு கிடக்கும்; மேலாக அடித்த மருந்து அதன் மேல் படாது.

ஆகவே கம்பெனியை மாற்றினால் போதாது, மடையை மாற்ற வேண்டும். எமாமெக்டின் பென்சோயேட் குளோரைடு மடையைத் திறந்து புழுவை முடக்கும். குளோரான்ட்ரனிலிப்ரோல் தசையில் உள்ள கால்சிய மடையைத் திறந்து விடும். புழு தின்பதை நிறுத்தும். இவற்றையும் தொடர்ந்து அடித்தால் அதே கதிதான். எனவே மாற்றி மாற்றி, அளவு கேட்டு, குருத்துக்குள் விழும்படி அடியுங்கள். அதற்கு முன்னால் முட்டைக் குவியலைக் கையால் பொறுக்கி நசுக்குங்கள்.

கடையில் புட்டியை வாங்கியதும் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'த்ரின்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். முகத்துக்குத் துணி, கைக்கு உறை கட்டாயம். எரிந்தால் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புட்டியும் கூடப் போகட்டும். மருந்துக்கு மருந்து வைத்தியம் வேறு, டாக்டருக்குப் பெயர் தெரிய வேண்டும்.

அந்த விவசாயி போகும்போது, "மூணு புட்டிக் காசும் போச்சுங்களே சார்" என்றார். உங்கள் காசு போகாமல் இருக்கட்டும் என்றுதான் இதைச் சொன்னேன்.