தண்டனை விழுந்த பிறகு 14 நாள்
(தோட்டத் தலைவர், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தூள் விற்று, கள்ளத் துவக்கும் விற்றவனுக்காகச் சங்கம் ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தூள் எங்கள் லயத்துப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நான் பார்க்கிறேன். குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தீர்ப்பும் தண்டனையும் சரிதானா என்று மேலே கேட்பதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. காசுள்ளவர் அந்த வழியில் போகிறார். எங்கள் ஆட்களுக்கு வழியே தெரியாது.

முதலில் நாள் கணக்கு. மேல் நீதிமன்றம் தண்டனை விதித்தால், 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு கொடுக்க வேண்டும். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கும் 14 நாள்தான்; அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். சம்பளம் வரட்டும், நகையை அடகு வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நாள் ஓடிவிடும். மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர், சட்டத்தரணி இல்லாவிட்டாலும், அதே 14 நாட்களுக்குள் தன் விருப்பத்தையும் காரணத்தையும் சிறை அதிகாரியிடம் சொல்லலாம். மனுவைத் தயாரித்து அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை. முதல் தடவை பார்க்கப் போகும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, எதைக் கேட்பது? "பிள்ளை குட்டிக்காரன், பாவம்" என்பது மட்டும் போதாது. ஹெரோயின் 2 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் உள்ளே போனவர் உள்ளேதான். ஆகவே பகுப்பாய்வாளர் அறிக்கையில் சுத்த ஹெரோயின் எத்தனை கிராம்? பிடித்த பொதியை யார் நிறுத்தார், யார் முத்திரையிட்டார், யார் கையளித்தார்? துவக்கு வேலை செய்யும் துவக்கா? இரண்டு குற்றத்துக்கும் தண்டனை ஒன்றாகக் கழிகிறதா, ஒன்று முடிந்து மற்றதா? நீதிமன்றம் ஒன்றாகக் கழியும்படி சொல்லாவிட்டால், சிறைத் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடும். இதனால் ஒரு குடும்பம் பல வருடங்களை இழக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மேன்முறையீட்டில் தண்டனை குறையலாம், கூடவும் முடியும். சட்டத்தரணியிடம் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "நான் குறைத்துத் தருகிறேன்" என்று நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்கு சிங்களத்தில் நடந்து விளங்காவிட்டால், மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

தலைவர்மாரே, உங்கள் தோட்டத்தில் யாருக்காவது தண்டனை விழுந்தால் வழக்கு இலக்கம், நீதிமன்றம், தீர்ப்புத் திகதி மூன்றையும் எழுதி அன்றைக்கே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆள் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சைப் பிறகு பார்ப்போம். 14 நாள் காத்திருக்காது.