இறங்கிய துறையும் எழுந்த வாழ்வும்
(பர்மா, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை, கள்ளக்குறிச்சி)

சின்னசேலம் முகாமிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வந்த பெரியோர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசச் சென்னைத் துறைமுகம் இருக்கிறது. சிலோனிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேச நீலகிரி இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு இந்தக் கருத்தரங்கம் ஏன் என்று சிலர் கேட்டார்களாம். காரணம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்கள் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இரு ஆர்க்காடுகள், புதுக்கோட்டைச் சீமை. கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா. போனவர்களின் ஊர் இது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இன்றும் சின்னசேலத்தில் இருக்கிறது. மேலே நிமிர்ந்தால் தெரியும் கல்வராயன் மலையிலிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக வேலை தேடி இறங்குகிறார்கள். போனவர், வந்தவர், போய்க்கொண்டிருப்பவர் மூவரையும் ஓரிடத்தில் வைத்துப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

நம் தலைப்பு, இரு சமூகங்களின் சமூக, பொருளாதார நிலையை ஒப்பிடுவது. இந்த ஒப்பீட்டை மக்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். ‘பர்மாக்காரன் எங்கே விட்டாலும் பிழைச்சுக்குவான், சிலோன்காரன் பாவம், ஏமாந்துடுவான்’ என்பது டீக்கடைத் தீர்ப்பு. ஆய்வேடுகளிலும் இதே தீர்ப்பு ‘தொழில்முனைவு மனப்பான்மை’, ‘சார்பு மனநிலை’ என்று சட்டை மாற்றிக்கொண்டு நுழைகிறது. நான் இதை மறுக்கிறேன். ஒரு சமூகம் எப்படி எழுந்தது என்பதை அதன் குணத்தில் தேடுவதற்கு முன், அது எந்தத் துறையில் இறங்கியது, எப்போது இறங்கியது, யாரோடு இறங்கியது, அரசு அதன் கையில் எதைக் கொடுத்தது என்ற நான்கையும் கேட்க வேண்டும். இந்த நான்குக்கும் விடை கண்ட பிறகு, குணத்தைக் கொண்டு விளக்க அதிகம் மிச்சம் இருக்காது.

முதலில் பர்மா. 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனுக்குப் போவது அயல்நாட்டுப் பயணமாகவே கருதப்படவில்லை. 1931 குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். செட்டியார்களின் வட்டிக்கடை, மரக்காயர்களின் வணிகம் மட்டும் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நெல் ஆலைத் தொழிலாளர்கள், தையல்காரர்கள், எழுத்தர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பெருமந்தக் காலத்தில் கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் ஆறு விழுக்காடாக இருந்த அவர்கள் பங்கு 1930களின் முடிவுக்குள் கால் பங்கானது. அந்தச் சொத்தே வெறுப்புக்கும் காரணமாயிற்று. 1930லும் 1938லும் கலவரங்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது சுமார் ஐந்து லட்சம் பேர் கால்நடையாகவும் கப்பலிலும் இந்தியா நோக்கி ஓடினார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம்.

போர் முடிந்து திரும்பிப் போனவர்களை 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு மறுபடி விரட்டியது. 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமை ஆயின. மே மாதம் 50, 100 சியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பணத்துக்கும் நகைக்கும் கடும் வரம்பு விதித்துக் கப்பலேற்றினார்கள். தமிழ்நாட்டுக்கு இப்படி வந்தவர்கள் சுமார் 1,44,000 பேர். ஆக, பர்மாக்காரர் பணத்தோடு வந்ததால் பிழைத்தார் என்பது உண்மையில்லை. பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் வந்தார்கள்.

ஆனால் அவர்கள் இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்கு எதிரே பாரிமுனை; நடந்து போகும் தூரத்தில் மொத்த வியாபாரத் தெருக்கள்; பக்கத்திலேயே கடற்கரை ரயில் நிலையம், அதில் நாள் முழுக்க ஏறி இறங்கும் கூட்டம். பிழைப்புக்கு வேண்டிய சரக்கு, வாடிக்கையாளர், போக்குவரத்து மூன்றும் ஒரே சாலையோரத்தில் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் பெருங்கூட்டமாக வந்ததால் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களாக இருந்தார்கள். ரங்கூனில் ஒரே தெருவில் இருந்தவர்கள் வியாசர்பாடியில் ஒரே தெருவுக்கு வந்தார்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் காரைக்குடியிலும் பர்மா காலனிகள் எழுந்தன. 1969இல் ராஜாஜி சாலை நடைபாதையில் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டில் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

அந்தப் பஜாருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையில் பர்மிய உணவான அத்தோ விற்கும் கடைகளைப் பாருங்கள். அவித்த நூடுல்ஸ், கோஸ், நறுக்கிய வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்து, வாழைத்தண்டு சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. தேவைப்பட்டவை ஒரு தள்ளுவண்டி, நிற்க ஒரு நடைபாதை, பசியோடு கடந்துபோகும் ஆயிரம் பேர். முதல் இரண்டும் எங்கும் கிடைக்கும்; அந்த ஆயிரம் பேர், சிலோன்காரர் பலர் போய்ச் சேர்ந்த கொடைக்கானல் காட்டில் கிடைக்கமாட்டார்கள்.

இனி இலங்கை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1,50,000. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1960களின் கடைசியிலிருந்து தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் 1984இல் நிற்கும்வரை, நான்கு லட்சத்து அறுபதாயிரம் பேர் வரை வந்து சேர்ந்தார்கள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மாக்காரர் சில ஆண்டுகளில் வந்தார்கள். இவர்கள் பதினைந்து ஆண்டுக்கு மேலாகச் சொட்டுச் சொட்டாக வந்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர்களில் அண்ணன் 1971இல் வருவார், தம்பி 1978இல் வருவார், அக்காள் இலங்கைக் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கிவிடுவார். இறங்கிய இடமோ இராமேசுவரம், தங்கவைத்த இடம் மண்டபம் முகாம். அங்கே எதிரே பாரிமுனை இல்லை. கண்டியில் இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையில் என்ன உதவி எழுதியிருந்ததோ அதுதான் அந்தக் குடும்பத்தின் எதிர்காலம். சிலருக்குத் தேயிலை, சிலருக்குக் கூட்டுறவு நூற்பாலை, சிலருக்கு ரப்பர். பெரும்பாலோருக்குத் தொழில் கடன், 5,000 ரூபாய்.

நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்து, வார நாட்களைக் கணக்கப்பிள்ளையின் குரலால் எண்ணிப் பழகிய ஒருவரிடம், முன்பின் தெரியாத ஊரில், ‘இந்தா கடன், கடை வை’ என்று சொன்னது நம் அரசு. அந்தக் கடனில் ஒரு பகுதி மண்டபத்துத் தரகர் கையிலேயே கரைந்தது. மீதி சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போயிற்று. பிறகு ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்துக் கொடைக்கானல் மலைக்கு மரம் வெட்டக் கூட்டிப்போனார். அங்கே அவர்கள் கொத்தடிமைகளாகக் கிடந்ததை 1980களில் மனித உரிமை ஆர்வலர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். ஏமாந்தவர் மேல் பழி போடுவது எளிது. ஆனால் தோட்ட வேலைக்கு ஏற்ற ஆளைக் கடைக்கும், கடைத்தெருவே இல்லாத இடத்துக்கும் அனுப்பிவைத்த கோப்பில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்பதும் ஆய்வாளரின் வேலைதான்.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. 1968இல் தொடங்கி 1976இல் கழகமான அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதாவது டான்டீயில், கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் வேலை பெற்றவர்கள் தடுமாறவில்லை. தெரிந்த தொழில், கூடவே வீடு, பக்கத்தில் பள்ளிக்கூடம். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஆசிரியர்களும் செவிலியர்களும் வந்தார்கள். அதே மலையக மக்கள்தான். இறக்கிவிட்ட இடம் மட்டும் வேறு. குணம் காரணம் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பர்மா பஜாரின் பொற்காலத்தைத் தந்தது அன்றைய இறக்குமதி வரி. வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் சென்ட்டும் வேறெங்கும் கிடைக்காத காலத்தில் அந்த நடைபாதைக்கு ஒரு விலை இருந்தது. 1991க்குப் பின் சந்தை திறந்ததும் அந்த விலை இறங்கிற்று. அதேபோல, சோவியத் யூனியன் சிதறித் தேயிலை ஏற்றுமதி அடிபட்டதும் டான்டீ தள்ளாடியது. ஓய்வுபெறும் தொழிலாளி குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டுமே என்று அஞ்சும் நிலை வந்தது. இரு சமூகங்களின் ஏற்ற இறக்கமும் அவை ஒட்டிக்கொண்ட தொழிலின் ஏற்ற இறக்கம். நம் கண்ணுக்குத் தெரிபவர்களை மட்டும் எண்ணும் பழக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. பர்மாக்காரர் என்றதும் பஜார் கடைக்காரர் நினைவுக்கு வருகிறார். வியாசர்பாடிக் குடிசையில் கூலி வேலை பார்த்து மறைந்தவர் வருவதில்லை. தரைவழியே பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் எல்லைவரை போய், அது முடியாமல் மோரேயில் தங்கிக் கோயிலும் சங்கமும் கண்டவர்களும் கணக்கில் வருவதில்லை. சிலோன்காரர் என்றதும் கொத்தடிமை நினைவுக்கு வருகிறார். திருப்பூரிலும் கோவையிலும் கலந்து, இன்னார் என்று தெரியாமல் நிமிர்ந்து நிற்பவர் வருவதில்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. அமெரிக்காவில் பர்மாவிலிருந்து போனவர்களையும் பனாமாவிலிருந்து போனவர்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இன்று மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் இருக்கும் கரேன் மக்களும் இண்டியானாவில் இருக்கும் சின் மக்களும் தாய்லாந்து, மலேசியா வழியே அகதிகளாகப் போனவர்கள். பலர் ஆங்கிலம் தெரியாமல், நீண்ட முகாம் வாழ்க்கைக்குப் பிறகு, இறைச்சி ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பனாமாக்காரரில் பலர் கால்வாய் வெட்ட மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளரின் வழிவந்தவர்கள். கால்வாய் மண்டலத்தில் வெள்ளையருக்குத் தங்கச் சம்பளப் பட்டியல், இவர்களுக்கு வெள்ளிச் சம்பளப் பட்டியல் என்று ஒதுக்கி வைத்த கொடுமையை அனுபவித்தவர்கள்தான். ஆனாலும் ஆங்கிலமும் அமெரிக்க நிர்வாகத்தோடு பழக்கமும் கையில் இருந்தன. நியூயார்க்கின் புரூக்ளினில் முன்பே போன உறவினரும் இருந்தார்கள். இருவருக்கும் இடையிலான வருமான வேறுபாட்டை இனத்தின் குணமாகப் படித்தால், முகாமையும் மொழியையும் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம்.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்து மலையேறியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. சாமையும் தினையும் மரவள்ளியும் கடுக்காயும் ஆண்டு முழுவதும் சோறு போடவில்லை. கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுகிறது. செம்மரம் வெட்ட முன்பணம் கொடுத்து இழுக்கும் தரகர்களும் இந்தத் தொடர் மலைகளில்தான் உலவுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான், கல்வராயன் மக்களின் வாழ்வாதாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இவர்களுக்குக் குடும்ப அட்டை எழுத ஒரு தூதரகம் இல்லை, ‘தாயகம் திரும்பியோர்’ என்று ஒரு துறையும் இல்லை. ஆனால் முன்பணம், தரகர், தெரியாத ஊர் மூன்றும் கொடைக்கானலுக்குப் போன மலையகக் குடும்பத்துக்கு நேர்ந்தவைதான். சின்னசேலம் முகாம் போன்ற முகாம்களிலும், 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற வேண்டியவர்களின் வழிவந்தோர், 1983க்குப் பின் படகில் வந்த ஒரே காரணத்தால் அகதிப் பட்டியலில் நிற்கிறார்கள். இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு ஆராயும்படி 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியும், கேள்வி தீரவில்லை. ஒரே வழிமரபு, வந்த ஆண்டு வேறானதால் ஒருவருக்கு வாக்குச்சீட்டு, இன்னொருவருக்கு முகாம் அட்டை.

இந்த இரண்டு நாளும் கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, பர்மாவையும் இலங்கையையும் ஒப்பிடுவதோடு நிற்காமல், ஒரே சமூகத்துக்குள் கடன் பெற்றவரையும் வேலை பெற்றவரையும் ஒப்பிடுங்கள். உண்மை அங்கேதான் பிடிபடும். இரண்டு, வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஆட்சியர் அலுவலகங்களிலும் செல்லரித்துக்கொண்டிருக்கும் மறுவாழ்வுக் கோப்புகளைப் படியெடுக்க உங்கள் மாணவர்களை அனுப்புங்கள். முதலில் வந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய இனி அதிகக் காலம் இல்லை. மூன்று, நாளைய நிறைவு அமர்வில் இயற்றும் தீர்மானத்தில் கல்வராயன் மலைத் தொழிலாளருக்காக ஒரு வரியாவது இருக்கட்டும்: வேலைக்குப் போகும் ஊரிலேயே ரேஷன், பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிச் சேர்க்கை, முன்பணத் தரகர்களைப் பதிவுசெய்யும் கட்டாயம். 1964இல் டெல்லியில் கையெழுத்திட்டவர்கள் கேட்கத் தவறியதை இந்த அவை கேட்கட்டும். முதல் அமர்விலேயே முன்வரிசைப் பெரியோர்களுக்கு மேடையில் இடம் கொடுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கத்தைத் தொடங்கிவைக்கிறேன்.