படமும் சொல்லும் சேர்ந்ததே ஆவணம்

(இலண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



2009ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் தொடங்கி யூன் நடுப்பகுதி வரை, வன்னியில் போரை நிறுத்துமாறு கோரி இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஈழத்தமிழர் இரவு பகலாகத் திரண்டிருந்தனர். கைக்குழந்தைகளுடன் தாய்மாரும், பல்கலைக்கழக மாணவரும், வேலை முடிந்து நேரே வந்தோரும், முதியோரும் அங்கு நின்றனர். ஏப்ரல் 11ஆம் நாள் நடைபெற்ற பேரணியில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கலந்துகொண்டதாகக் காவல்துறை மதிப்பிட்டது.

அந்த நாட்களின் வரலாற்றைப் பதிவு செய்தோர் செய்தியாளர்கள் மட்டுமல்லர். திரண்டிருந்த மக்களே சிறிய எண்மக் கமராக்களாலும் கைத்தொலைபேசிகளாலும் பல்லாயிரம் படங்களை எடுத்தனர். வீடு திரும்பியதும் அவற்றை முகநூலில் ஏற்றினர். இன்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அன்றைய கமராக்கள் பழுதடைந்துவிட்டன, கணினிகள் கைவிடப்பட்டன, வீடுகள் மாறின. பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது முகநூலில் தங்கிவிட்ட பிரதி மட்டுமே. அப்படங்களை மொத்தமாக எடுத்துக் காப்பது எவ்வாறு என்பதும், அவ்வாறு எடுக்கும்போது எதனைத் தவறவிடக்கூடாது என்பதுமே இவ்வுரையின் பொருளாகும்.

பழைய படங்கள் எதற்கு என்ற கேள்வி எழலாம். அக்கேள்விக்கு அதே சதுக்கத்தின் வரலாறே விடை தருகின்றது. அங்கே ஏப்ரல் மாதத்தில் மூன்று வாரங்களுக்கு மேலாக உண்ணாநிலைப் போராட்டம் நடத்தியவர் பரமேஸ்வரன் சுப்பிரமணியம் ஆவார். அவர் இரகசியமாக உணவு உட்கொண்டார் என்றும், காவல்துறையின் சிறப்புக் கண்காணிப்புக் கருவிகள் அதனைக் கண்டுகொண்டன என்றும் 2009 ஒக்ரோபரில் சன், டெய்லி மெயில் ஆகிய இரு நாளிதழ்கள் எழுதின. அவர் நீதிமன்றத்தை நாடினார். அத்தகைய காணொளிச் சான்று எதுவுமே இல்லை என்பது காவல்துறையின் பொறுப்பதிகாரி மூலமாகவே வெளிப்பட்டது. 2010 யூலையில் இரு நாளிதழ்களும் குற்றச்சாட்டு பொய்யென ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கோரின. மொத்தம் 77,500 பவுண்கள் இழப்பீடாக வழங்கின. ஆயினும் இடைப்பட்ட மாதங்களில் அவர் தம் மக்களிடையேயே பழிச்சொல்லைச் சுமந்து வாழ நேர்ந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் நடுவே, எல்லோர் கண்முன்னும் நடந்த ஒன்றைப் பற்றியே பொய் எழுதப்பட்டது என்றால், சான்றுகளைத் தம் கையில் வைத்திருக்காத மக்களைப் பற்றி நாளை எதுவும் எழுதப்படலாம்.

முகநூலில் இருப்பது பாதுகாப்பாக இருப்பது போன்றதுதானே என்று எண்ணுவோர் பலர். இணையத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஜியோசிற்றீஸ் தளம் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. 2016க்கு முன்னர் ஏற்றப்பட்ட படங்களும் பாடல்களும் காணொளிகளும் அழிந்துபோயிருக்கலாம் என மைஸ்பேஸ் 2019இல் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகிள் பிளஸ் மூடப்பட்டது. தளம் மூடப்படாவிட்டாலும் உள்ளடக்கம் அழியலாம். 2017இல் யூரியூப் நிறுவனம் வன்முறைக் காட்சிகளைத் தானியங்கி முறையில் கண்டறிந்து நீக்கத் தொடங்கியபோது, சிரியப் போரின் கொடுமைகளைப் பதிவு செய்த பெருந்தொகையான காணொளிகளும் அவற்றோடு நீக்கப்பட்டன. சிரிய ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்திருந்தமையால் அவற்றுட் பல தப்பின. முன்கூட்டியே எடுத்து வைத்தமை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இனி எடுக்கும் வழிகளைக் காண்போர் முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இன்ஸ்ரகிராமில் உள்ள ‘சேமி’ என்ற பொத்தான் படத்தைச் சேமிப்பதில்லை. அது படம் இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கும் அடையாளம் மட்டுமே. இடுகையை இட்டவர் அதனை அழித்தால், குறித்து வைத்தவரிடமும் எதுவும் எஞ்சாது.

ஒருவர் தமது சொந்தப் படங்களை எடுப்பதற்கு நேர்மையானதும் எளிதானதுமான வழி அத்தளங்களிலேயே உள்ளது. 2010 ஒக்ரோபர் முதல் முகநூலும், 2018 முதல் இன்ஸ்ரகிராமும் தத்தம் பயனாளரின் தகவல்களை ஒரே பொதியாகத் தரவிறக்கும் வசதியை வழங்கி வருகின்றன. கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, ‘உங்கள் தகவல்கள்’ என்னும் பகுதியில் இதனைக் கோரலாம். அப்போது மூன்று தெரிவுகளில் கவனம் வேண்டும். முதலாவது, காலப்பகுதியை முழுமையாகத் தெரிவு செய்தல். இரண்டாவது, படத்தின் தரத்தை உயர்நிலையில் வைத்தல். மூன்றாவது, எச்.ரி.எம்.எல் வடிவத்தைத் தெரிவு செய்தல். இவ்வடிவத்தில் எடுத்தால், படங்களோடு அவற்றுக்கு எழுதிய குறிப்புகளும் நாட்களும் சாதாரண இணைய உலாவியில் படிக்கக்கூடிய பக்கங்களாக வந்துசேரும். பொதி ஆயத்தமானதும் அறிவித்தல் வரும். அது சில நாட்களே கிடைக்கும் என்பதால் தாமதியாது இறக்கிக்கொள்ள வேண்டும்.

இப்பொதியில் பிறர் எடுத்து ஏற்றிய படங்கள் அடங்கா. அவற்றுக்கு அவரவரே தத்தம் பொதியை எடுக்க வேண்டும். ஆகவே இது தனியாள் வேலையன்று. உறவினரும் நண்பரும் கூடிச் செய்யவேண்டிய வேலை. இறந்துபோனவரின் கணக்கு, கடவுச்சொல் மறந்துபோன கணக்கு ஆகியவற்றில் உள்ள படங்களைப் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கும் பக்கத்திலிருந்தே எடுக்க நேரிடும். ஓர் இன்ஸ்ரகிராம் இடுகையில் 2017 முதல் 10 படங்களும், 2024 முதல் 20 படங்களும் இடம்பெறலாம். இவற்றை ஒன்றொன்றாக எடுக்கும் சிரமத்தைப் போக்க, கலரி-டிஎல், இன்ஸ்ராலோடர் போன்ற திறந்த மூல மென்பொருட்கள் உள்ளன. எனினும் தானியங்கி முறையில் திரட்டுவதைத் தளங்களின் விதிகள் தடுக்கின்றன. மீறுவோரின் கணக்கு முடக்கப்படலாம். இலவசமாகப் படம் இறக்கித் தருவதாகக் கூறிக் கடவுச்சொல்லைக் கேட்கும் எந்தச் செயலியையும் நம்பலாகாது.

இங்கேதான் இவ்வுரையின் மையக்கருத்து வருகின்றது. மொத்தமாக எடுப்பது எளிதாக ஆக, படத்தின் பொருள் தொலைவதும் எளிதாகின்றது. இத்தகைய கருவிகள் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தந்துவிடும். கோப்புகளின் பெயர்கள் நீண்ட எண்களாக இருக்கும். கமரா படத்தினுள் பதித்திருந்த நாள், நேரம், இடம் ஆகிய விபரங்களை முகநூல் பெரும்பாலும் நீக்கியே வெளியிடுகின்றது. இடுகையில் எழுதப்பட்ட குறிப்பு, எழுதியவர் பெயர், கீழே உறவினர் இட்ட கருத்துகள் ஆகியவை படக்கோப்போடு வருவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அக்கோப்புறையைத் திறப்பவருக்கு அது யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், என்றோ ஒரு நாள் நின்ற படம். பார்ப்பதற்குப் படம் இருக்கும். சொல்வதற்கு எதுவும் இராது.

சான்றாக மதிக்கப்படுவதற்கும் இது பொருந்தும். சரணடைந்தோர் எனக் கருதப்படுவோர் சுட்டுக் கொல்லப்படும் காணொளியைச் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஓகஸ்டில் ஒளிபரப்பியது. அது போலியானது என இலங்கை அரசு மறுத்தது. 2010 சனவரியில், ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், மூன்று துறைசார் வல்லுநர்களின் ஆய்வை முன்வைத்து, அது உண்மையானதாகத் தோன்றுகின்றது என அறிவித்தார். அவ்வாய்வில் காட்சி மட்டுமன்றிக் கோப்பின் தொழில்நுட்ப விபரங்களும் நுணுகி நோக்கப்பட்டன. 2020இல் வெளியான பேர்க்லி நெறிமுறையும், இணையத்தில் கிடைப்பவற்றைச் சான்றாகச் சேகரிப்போர் இணைய முகவரி, ஏற்றியவர், சேகரித்த நாள், நேரம் ஆகியவற்றைச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என வலியுறுத்துகின்றது. 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின் வழியாக, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பேணும் பணி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெயரற்ற ஆயிரம் படங்களைவிட, நாளும் இடமும் எடுத்தவரும் தெரிந்த ஒரு படம் அங்கு பயன்தரும்.

ஆகவே வேலை இரு பகுதியாகின்றது. இரண்டும் இரு தலைமுறைக்கு உரியவை. எடுத்தல் இளையோரின் வேலை. பெயரிடல் பெற்றோரின் வேலை.

இளையோர் செய்யவேண்டியவை சில. வந்த பொதியை அப்படியே, எதனையும் மாற்றாமல் ஓரிடத்தில் வைக்கவேண்டும். பெயர் மாற்றுவதும் வகைப்படுத்துவதும் அதன் பிரதியில் மட்டுமே நிகழவேண்டும். பிறரின் பொதுப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது, படத்தோடு அவ்விடுகை முழுவதையும் திரைப்பிடிப்பாகவும் எடுத்து, இணைய முகவரியையும் எடுத்த நாளையும் ஓர் உரைக்கோப்பில் எழுதவேண்டும். 2009இல் முகநூல் படங்களை 604 புள்ளி அகலத்துக்குச் சுருக்கியே வைத்தது. எனவே வீட்டில் பழைய இறுவட்டோ, கமராவின் நினைவக அட்டையோ இருந்தால், முதலில் அதனைத் தேடவேண்டும். மூலப்படம் அங்கேதான் இருக்கும். வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்பவேண்டும். இல்லையேல் அவை மீண்டும் சுருங்கும். இறுதியாக, இரு வேறு வன்தட்டுகளில் பிரதி வைத்து, அவற்றுள் ஒன்றை வேறொரு வீட்டில் வைக்கவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன என்பதை மறவாத சமூகத்துக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

பெற்றோரின் வேலை இன்னும் அரியது. படத்தில் நிற்பவர் யார், எந்த ஊரவர், பதாகையில் என்ன எழுதியிருந்தது, அன்று மழையா வெயிலா, எந்தத் தொடருந்தில் வந்தார்கள் என்பன எந்த மென்பொருளுக்கும் தெரியா. அவை அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. பிள்ளை கேட்க, அவர்கள் சொல்ல, பிள்ளை எழுதவேண்டும். 2009இல் தோளில் சுமக்கப்பட்ட குழந்தைகள் இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கின்றனர். தாம் ஏன் அங்கு கொண்டு செல்லப்பட்டோம் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள இதனைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

காப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பதும் நினைவில் நிற்கவேண்டும். பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. அவரின் இணக்கமின்றி மறுபடி வெளியிடலாகாது. அதைவிட முக்கியமானது தாயகத்தில் வாழும் உறவினரின் பாதுகாப்பு. இங்குள்ள ஒருவரின் முகமும் பெயரும் வெளியாவதால் அங்குள்ள தாயோ சகோதரரோ விசாரிக்கப்படும் நிலை வரலாம். ஆகவே பெயர்களைத் தனிக்கோப்பில் பூட்டி வைத்தலும், ஐயம் உள்ள இடத்தில் வெளியிடாதிருத்தலுமே அறிவுடைமை. பொதுவில் வைக்கத் தக்கவற்றை, ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் எண்ம வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம், இலண்டனில் நெடுங்காலமாக இயங்கிவரும் தமிழர் தகவல் நடுவம் போன்ற அமைப்புகளிடம் கலந்து பேசி ஒப்படைக்கலாம்.

இவ்வளவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஒரு மாலைப்பொழுது, ஒரு கணினி, இரண்டு வன்தட்டுகள், அருகருகே அமர்ந்த ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையும் போதும். முதல் நாளில் பத்துப் படங்களுக்குப் பெயரிட்டால் அது நல்ல தொடக்கம். அப்பெயர்களைச் சொல்லக்கூடிய மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். படங்கள் வன்தட்டில் காத்திருக்கும், நினைவு காத்திராது.