உருக்காலைத் தூசு: நான் பிந்திப் படித்த பாடம்



நான் பனித்திட்டுக்காரன். எங்கள் ஊருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830-களிலேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து, மரக்கரி போட்டு இரும்பு உருக்கினார். அதைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், வடக்கே ஓர் உருக்காலையில் வேலை கிடைத்தது, ரயில் ஏறிவிட்டேன்.

இரும்பு உருகும்போது கூடவே வருவது ஏராளம். ஊதுலைக் கசடு சிமெண்டுக்குப் போய்விடுகிறது. உருக்குக் கசடுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2022-ல் சூரத் பக்கம் ஹசீராவில் அதை வைத்தே ஆறுவழிச் சாலை போட்டார்கள். உருட்டாலையில் உதிரும் செதிலில் எழுபது சதவீதம் இரும்பு, அதை யாரும் விடமாட்டார்கள். தகராறு எல்லாம் தூசில்தான்.

ஊதுலைப் புகையோடு வரும் தூசில் இரும்பும் இருக்கும், கரியும் இருக்கும். அதைத் தாதுத் தூளோடு கலந்து சின்டர் கட்டியாக்கி மறுபடி உலையில் போடலாம். நான் சேர்ந்த புதிதில் ஆலைக்குப் பின்னால் மலைமலையாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் அடுப்புச் சாம்பல்கூட வீணாகாது. அம்மா பாத்திரம் துலக்குவார், மிச்சம் தென்னைக்குப் போகும். அந்தப் புத்தியில், "எல்லாத்தையும் போடுங்க சார், காசு மிச்சம்" என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். உலர்ந்த தூசு, புகையைக் கழுவிய நீரில் படியும் சகதி, உருக்குக் கலனின் சகதி, மூன்றும் ஒன்றாகப் போயின. ஆறு மாதம் எனக்கு நல்ல பெயர்.

துத்தநாகத்தை மறந்துவிட்டேன். தகரம் கலந்த பழைய இரும்பை உருக்கினால் அது சகதியில் வந்து சேரும். 907 டிகிரியில் ஆவியாகி, உலையின் மேல்பகுதியில் சூடு குறைந்த இடத்தில் சுவரில் படியும். மிச்சம் புகையோடு வெளியேறும். அதை நான் திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் கடற்கரையில் குப்பையைக் கடலில் கொட்டினால் அடுத்த அலையில் காலடிக்கே வருமே, அதே கதை. ஒருநாள் இரவு ஷிப்டில் சுவரில் படிந்திருந்த பாளம் பெயர்ந்து விழுந்தது. உலை தடுமாறி, சூட்டுக்காற்று வெளியே அடித்தது. ஒரு தொழிலாளிக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவர் பிழைத்தார். ஆனால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. எழுதிக் கொடுத்தவன் நான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். துத்தநாகம் பெரும்பாலும் மிக நுண்ணிய துகளில்தான் ஒட்டியிருக்கிறது. சகதியை நீரோடு சுழற்றிவிடும் கூம்பு ஒன்று உண்டு, ஹைட்ரோசைக்ளோன் என்பார்கள். பருமன் கீழே இறங்கும், நுண்மை மேலே போகும். பருமனை மட்டும் சின்டருக்கு அனுப்பலாம். சல்லடையில் மாவு சலிப்பதுபோலத்தான், என்ன, இதில் நமக்கு வேண்டியது கப்பி.

பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைத் தூசு இன்னும் கடுமை. டன் உருக்குக்கு 15, 20 கிலோ வரும். துத்தநாகம் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்கும், கூடவே ஈயம், காட்மியம். திறந்தவெளியில் கொட்டினால் மழையில் கரைந்து கிணற்றுக்குப் போகும். கரியோடு சுழல் சூளையில் 1200 டிகிரிக்குச் சூடாக்கினால் துத்தநாகம் ஆவியாகித் தனியே கிடைக்கும். சிறு ஆலைக்குச் சொந்தச் சூளை கட்டுப்படியாகாது. பல ஆலைகள் சேர்ந்தால்தான் முடியும். நம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வேலைக்குப் போகும் தம்பிகள், சேர்ந்த முதல் வாரமே தூசின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு புட்டி கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் பருந்தூசு, மற்றதில் காய்ந்த சகதி. மேடைக்கு வந்து பார்க்கலாம், மூடியை மட்டும் திறக்காதீர்கள்.