பெண்கள் பள்ளிக்கூடமும் வாசலில் நின்ற அம்மாவும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஒஸ்லோவிலிருந்து ஆற்றிய நேரலை உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

என் குரல் கேட்கிறதா? சரி, நன்றி.

கனடாவில் இருப்பவர்களுக்கு இது காலை. இங்கே ஒஸ்லோவில் பின்னேரம், வெளியே பனி கொட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் இரவாகிவிட்டது. அங்கே என் அம்மாவும் தம்பியின் கைத்தொலைபேசியில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் தொடங்குகிறேன்.

ஒழுங்கு செய்தவர்கள் கேட்டது, தனியார் பெண்கள் பள்ளிகளைப் பற்றிக் கதைக்கச் சொல்லி. நான் வரலாறு படித்தவள் இல்லை. என்னிடம் இருப்பது தாதியர் டிப்ளோமா ஒன்று. அதையும் நோர்வேயில் ஏற்றுக்கொள்ள வைக்க எனக்குச் சில வருடங்கள் எடுத்தன. அதுவரை உதவியாளராக வேலை செய்தேன். ஆகவே இதை ஒரு ஆய்வுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடுதிப் பள்ளிகளை விட, காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்குத் திரும்புகிற பகல் பள்ளிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்குக் காரணம் ஒரு கிழவி.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அவ இருந்தா. தொண்ணூறு வயது, மறதி நோய். (ஆளை அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விபரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் தொழிலில் அது கட்டாயம்.) மறதி நோய் உள்ளவர்கள் பொழுது சாயச் சாய நிலைகொள்ளாமல் தவிப்பார்கள். இவவோ சரியாக மூன்று மணிக்கு எழும்பிவிடுவா. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போய், "பள்ளிக்கூடம் விட்டாச்சு, அம்மா பார்த்துக்கொண்டு இருப்பா" என்பா. அவ படித்தது ஒஸ்லோவில் ஒரு பெண்கள் பள்ளியில். யுத்த காலம். ஜெர்மன்காரர் கட்டடத்தை எடுத்துக்கொண்டதால் வீடு வீடாகப் போய்ப் படித்தார்களாம். எனக்கு அதைக் கேட்க யாழ்ப்பாணத்துக் கதை போல இருந்தது.

ஒரு நாள் சொன்னா: அவர்களுடைய மாடிக் கட்டடத்தைப் பராமரித்தவரின் மகள்தான் அவவுக்குச் சிநேகிதி. ஏழு வருடம் பொதுப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தார்களாம். பதினாலு வயதில் இவ பெண்கள் பள்ளிக்குப் போனா, அந்தப் பிள்ளை வேலைக்குப் போனது. காலையில் இரண்டு பேரும் ஒரு தெருமுனை வரைக்கும் சேர்ந்து நடப்பார்கள். அங்கே ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். தன் பிள்ளைகளின் பெயரை மறந்தவ, அந்தத் தெருமுனையை மறக்கவில்லை.

பிறகுதான் இந்த நகரத்தின் பெண்கள் பள்ளிகளைப் பற்றித் தேடி வாசித்தேன்.

நோர்வேயில் ஆணும் பெண்ணும் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கப் பழக வேண்டும் என்று 1739-இலேயே அரசாணை வந்துவிட்டது. திடப்படுத்தல் ஆராதனைக்கு ஆயத்தமாகுமளவுக்கு வாசிப்பு. வேதத்தையும் ஞானோபதேசத்தையும் வாசித்தால் போதும். அதற்கு மேலே உள்ள படிப்பு ஆண்பிள்ளைகளுக்கு. வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஒரு ஆசிரியை வீட்டுக்கு வருவார். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் பியானோ. கமில்லா கொல்லெட் என்ற எழுத்தாளர் 1854-55இல் எழுதிய நாவல் அந்தப் பெண்களின் கதைதான். கல்யாணத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நம்முடைய ஊரில் பெரியபிள்ளையாகி வீட்டோடு இருத்தப்பட்ட பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியில்தான் தனியார் வந்தார்கள். 1849இல் ஹார்ட்விக் நிஸ்ஸன் என்பவர், அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட இந்த ஒஸ்லோவில், பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். கட்டணப் பள்ளி. அதிபரே முதலாளி. பிள்ளைகள் பெரிய உத்தியோகத்தர், வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள். ஆனால் படிப்பு உண்மையான படிப்பு. ஆசிரியைகளைப் பயிற்றும் வகுப்பும் அங்கே இருந்தது. பெண்கள் இடைநிலைச் சோதனை எழுத 1878இல்தான் அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழக நுழைவுச் சோதனைக்கு 1882. அந்த ஆண்டு செசிலியே தூரெசென் நாட்டின் முதல் பெண் மாணவியாகப் பல்கலைக்கழகம் புகுந்தார். அரசு கதவைத் திறக்க முப்பது வருடங்களுக்கு முன்பே தனியார் பள்ளிகள் பெண்களைக் கதவுக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. இதற்காக நான் அவர்களைக் கும்பிடுவேன்.

இதே நிஸ்ஸன்தான் பிறகு நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கான 1860ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தைத் தயார் செய்தார். பணக்காரப் பெண்களுக்குக் கட்டணப் பள்ளி, கமக்காரன் பிள்ளைக்குப் பொதுப் பள்ளி. ஒரே மனிதருக்கு இரண்டு எண்ணங்கள். அவை இரண்டும் ஒருவருக்குள் சண்டை போடாமல் எப்படி இருந்தன என்று யோசித்திருக்கிறேன்.

அவருக்குப் பிறகு பள்ளியை நடத்தியவர்களில் ஒருவர் பெர்ன்ஹார்ட் பௌஸ். இவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு பக்கம் ஒஸ்லோவின் சீமாட்டிகளுக்குப் பள்ளிக்கூடம். மறுபக்கம், இன்றைய ஜார்க்கண்ட் பகுதியில் சந்தால் மக்களிடையே 1867இல் தொடங்கிய மிஷனுக்காக இங்கே ஒரு பத்திரிகை நடத்தினார். ஆக அந்தப் பள்ளி அதிபரின் மேசைக்கு இந்தியாவிலிருந்து கடிதங்கள் வந்திருக்கும். நாங்கள் 1980களில்தான் நோர்வேயைக் கண்டுபிடித்தோம் என்று நினைக்கிறோம்.

1918இல் நகரசபை அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டது. 1896இல் வந்த சட்டமே உயர்பள்ளிகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்க வழி விட்டிருந்தது. 1920இல் நாடாளுமன்றம், ஏழு வருடப் பொதுப் பள்ளியின் மேல் கட்டப்படும் பள்ளிகளுக்கே அரசு பணம் என்று முடிவு செய்தது. கிழவியும் கட்டடக்காரரின் மகளும் ஒரே வாங்கில் இருந்ததற்குப் பின்னால் இந்த முடிவு இருக்கிறது. தெருமுனையில் பிரிந்ததற்கும் அது ஏழு வருடத்தோடு நின்றதுதான் காரணம். இன்றைக்கு இந்த நாட்டில் தனியார் பள்ளி நடத்துவதென்றால் சமயம், மாற்றுக் கல்விமுறை போன்ற ஒரு காரணத்தைக் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். செலவில் பெரும்பங்கை அரசு தரும், பெற்றோரிடம் வாங்குவதற்கு எல்லை உண்டு, இலாபம் எடுக்கக் கூடாது.

நிஸ்ஸன் பள்ளி இப்போதும் இருக்கிறது, எல்லோருக்குமான மேல்நிலைப் பள்ளியாக. 'ஸ்காம்' என்ற தொலைக்காட்சித் தொடர் எடுத்த இடம் என்றால் இளம் பிள்ளைகளுக்குத் தெரியும். என் மகளுக்கும் அப்படித்தான் தெரியும். மார்ச் முதலாம் திகதிக்குள் மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய பட்டியலில் அதுதான் முதலாவது. அங்கே கட்டணமும் இல்லை, யாருடைய பிள்ளை என்ற கேள்வியும் இல்லை. புள்ளிகள் வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குப் புள்ளி காணுமோ தெரியாது. வீட்டில் இப்போது அதுதான் சண்டை.

இனி ஊருக்கு வருகிறேன்.

பெண் கல்வி என்றதும் நாங்கள் உடுவிலைத்தான் சொல்வோம். 1824. அமெரிக்க மிஷன், ஹரியட் வின்ஸ்லோ அம்மையார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோதான் 1862இல் வெளிவந்த அந்தப் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். நிஸ்ஸன் பள்ளிக்கு இருபத்தைந்து வருடம் முந்தியது உடுவில். இதை நோர்வே ஆட்களிடம் சொல்லும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மறைக்கவில்லை.

ஆனால் உடுவில் விடுதிப் பள்ளி. அதில்தான் வித்தியாசம். பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போனால் படித்தது அழிந்துவிடும் என்று மிஷனரிமார் நம்பினார்கள். சாப்பாடு, உடுப்பு, தங்க இடம் எல்லாம் கொடுத்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பணம் தந்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். படிப்பு முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சீதனமும் உண்டு. 1842 முதல் 1879 வரை எலைசா அக்னியூ அம்மையார் அங்கே அதிபராக இருந்தார், ஒரு முறையும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகாமல். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். நான் கிறிஸ்தவள், அவர்கள் செய்ததை நன்றியோடுதான் பார்க்கிறேன். ஆனால் ஒரு தாயிடமிருந்து பிள்ளையின் பெயரையும் வாங்கிக்கொண்டுதான் எழுத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் விழுங்க முடியவில்லை.

பகல் பள்ளியில் அது நடக்காது. பிள்ளை தன் பெயரோடு போய்த் தன் பெயரோடு வரும். ஒவ்வொரு நாளும் இரண்டு உலகத்துக்கும் நடுவே நடக்கும். 1896இல், நோர்வே ஆணையும் பெண்ணையும் ஒன்றாக இருத்த வழிவிட்ட அதே ஆண்டில், மேரி கார்ட்டர் அம்மையார் யாழ்ப்பாணத்தில் சுண்டுக்குளி மகளிர் பள்ளியைத் தொடங்கினார். வேம்படி அதற்கும் முந்தியது, மெதடிஸ்த மிஷனுடையது. நகரம் வளர வளர இந்தப் பள்ளிகளுக்கு நடந்தும், பின்னர் சைக்கிளிலும் பெண்கள் போய்வந்தார்கள். எங்களுடைய முதல் பெண் ஆசிரியைகள், தாதிமார், டொக்டர்மார் பலர் இப்படிப்பட்ட பள்ளிகளால் வந்தவர்கள்.

யாருடைய பெண்கள் என்று கேட்டால்தான் கதை கனக்கத் தொடங்கும். 1930ஐ ஒட்டிய காலத்தில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். பிறகு 1960இன் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம். வேம்படி அரசுக்குப் போனது. உடுவிலும் சுண்டுக்குளியும் தனியாராகவே நின்றன. அதற்கு விலை இருந்தது: அரசின் உதவிப் பணம் நின்றது, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. திருச்சபையும் பழைய மாணவிகளும் தாங்கிப் பிடித்தார்கள்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு வருடம் முந்தி, 1959இல், என் அம்மப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்கள் பள்ளிக்குப் போனார். எந்தப் பள்ளி, எந்த மிஷன் என்று நான் சொல்லப் போவதில்லை. சாட்டில் யாரும் ஊகிக்கவும் வேண்டாம், தயவுசெய்து. அம்மப்பா பனை ஏறுகிறவர். நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். அந்தப் பள்ளி ரீச்சர்மார் வருகிற அதே கோயிலுக்குத்தான் ஞாயிறு காலை நாங்களும் போவோம், பின்வாங்கில் இருப்போம். கட்டணத்துக்குக் காசு சேர்த்து வைத்திருந்தார். "இடமில்லை" என்றார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தது.

அம்மா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டா.

1992இல் அதே பள்ளியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அதிபர் என் பிறப்புச் சான்றிதழையும் பழைய பள்ளி அறிக்கையையும் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல மனிசி. என்னைக் கூட்டிப் போனது அப்பா. அம்மா வரவில்லை.

அது பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் தட்டுப்பாடு. வீட்டு உடுப்புகளைப் பனம்பழத்தால் தோய்ப்பா. இருந்த சவர்க்காரத் துண்டு என்னுடைய வெள்ளைச் சட்டைக்கு மட்டும். ஜாம் போத்தல் விளக்கில் நான் படிக்க, பக்கத்தில் இருந்து என் ஆங்கிலப் புத்தகத்தில் படம் பார்ப்பா. நான் சொல்லிக் கொடுத்த சொற்களைத் திருப்பிச் சொல்லுவா. விடுதியில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பிளேன் சுற்றுகிற நாட்களில் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தின் கீழ் நிற்பா. மற்ற அம்மாமார் உள்ளே மண்டபத்தில் இருப்பார்கள். "உள்ளுக்கு வாங்கோவன் அம்மா, வெயில்" என்றால், "இதில நல்ல காத்து" என்பா. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவுக்குக் கூச்சம் என்று நினைத்தேன். வெட்கப்பட்டும் இருக்கிறேன், அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

1959 நடந்ததை அவ சொன்னது 1995இல். ஒக்ரோபர் 30, ஊர் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பக்கம் மழையில் நடந்த இரவு. என் புத்தகப் பையை அவதான் சுமந்துகொண்டு வந்தா. எறிந்துவிடுங்கோ என்றேன். அப்போதுதான் சொன்னா.

ஒஸ்லோவில் எங்கள் பழைய மாணவிகள் சங்கம் ஒவ்வொரு வருடமும் இராப்போசனம் வைக்கும். பள்ளிக்கீதம் பாடுவோம், நூலகத்துக்குக் காசு சேர்ப்போம். நான் போவேன், பாடுவேன், கண் கலங்கும், பொய்யில்லை. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் நான் தாதியாகியிருக்க மாட்டேன். ஒருமுறை அங்கே ஒரு அக்கா, "எங்கட பள்ளிக்கூடம் ஒரு நாளும் வித்தியாசம் பார்த்ததில்லை" என்று மேடையில் சொன்னார். நான் கையைத் தட்டினேன். அது மூன்று வருடத்துக்கு முன். இன்றைக்கு இதைக் கதைக்க ஒத்துக்கொண்டதற்கு அந்தக் கைதட்டல்தான் காரணம்.

கடைசியாக ஊருக்குப் போனபோது மகளைப் பள்ளிக்கூடம் காட்டக் கூட்டிப் போனேன். அம்மாவும் ஓட்டோவில் வந்தா. காவலாளி கேற்றைத் திறந்து, "அம்மாவும் வாங்கோ" என்றார். வேப்பமரம் இப்போது இல்லை. அம்மா ஓட்டோவை விட்டு இறங்கி, சேலையைச் சரி செய்து, கேற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தா. பிறகு என் மகளின் கையைப் பிடித்து, "நீ போய்ப் பார்த்திட்டு வந்து எனக்குச் சொல்லு. நான் இதில நிக்கிறன்" என்றா.

மகள் போய்விட்டு வந்து நோர்வீஜிய மொழியும் தமிழும் கலந்து எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை வகுப்பறை, எத்தனை படி, நூலகத்தில் எந்தப் பக்கம் யன்னல். வீடு வந்து சேரும் வரைக்கும் அம்மா கேட்டுக்கொண்டே வந்தா.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அம்மா, உங்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தம்பியிடம் சொல்லி மைக்கைத் திறக்கச் சொல்லுங்கோ.