வாயைத் திறந்து பார்க்கும் பொறுப்பு



2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்டோருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. இந்நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நோய் முற்றிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள். உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பில் வரும் நோய் அன்று இது. டார்ச் வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிவது. அப்படியிருந்தும் ஏன் தாமதம்? பல் மருத்துவர்களும் பொது மருத்துவர்களுமான உங்களுக்கு அறிவு போதவில்லை என்று நான் கருதவில்லை. புகையிலை கேடு என்பதும், வெள்ளை, சிவப்புத் திட்டுகள் ஐயத்துக்குரியவை என்பதும் எவருக்கும் தெரியும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் உண்மையான குறை, பார்க்கும் பழக்கம் இல்லாததே. ஆறாத புண்ணோடு வருபவர் 'உடல் சூடு' என்கிறார்; பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் களிம்பும் எழுதப்படுகின்றன. பல் ஆடுகிறது என்று வருபவருக்குப் பல் பிடுங்கப்படுகிறது. ஈறில் வளரும் கட்டியே அதை ஆட்டியிருக்கலாம் என்ற ஐயம் எழுவதில்லை. நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி, புகையிலையை அடக்கி வைக்கும் கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை.

பார்த்தால் பயனுண்டா என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் 13 பஞ்சாயத்துகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் 35 வயதைக் கடந்தவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை என்று மறுப்போர் சொல்வது சரியே. அதனால்தான் வீடுவீடாகப் போய் எல்லார் வாயையும் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பழக்கமுள்ளவர் தானாகவே உங்கள் நாற்காலியில் வந்து அமரும்போது பாருங்கள் என்கிறேன். பழக்கமே இல்லாதவருக்கும் நாக்கின் ஓரத்தில் புற்று வருவதுண்டு. ஆகவே ஆறாத புண் என்றால் பழக்கத்தைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொல்லி அனுப்புவது தவறு.

புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்கையில் நேரமேது என்பது நேர்மையான கேள்விதான். வாய் முழுவதையும் பார்த்து, கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று தொட்டறிய இரண்டு மூன்று நிமிடம் போதும். வீணாகப் பலரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேரும் என்ற அச்சமும் உண்டு. சிலர் வீணாக அலைவார்கள், உண்மை. ஆனால் தொடக்கத்திலேயே பிடிபட்டால் சிறு அறுவையோடு முடியக்கூடிய நோய், தவறவிட்டால் தாடையையும் பேச்சையும் கொண்டுபோகிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்கு மறுபடியும் களிம்பு எழுதாதீர்கள். அன்றே திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். போனாரா என்று அடுத்த வாரம் விசாரியுங்கள்.