ஏலமும் அமானிதமும்

 

ஏலம் நம் மார்க்கம் அனுமதித்த வியாபார முறைகளுள் ஒன்றாகும். உதவி கேட்டு வந்த அன்ஸாரி ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலத்தில் விற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். அன்று அனைத்தும் சபையோரின் கண்முன்னே நடந்தன. இன்றோ முகமறியாதோர் இணையத்தில் ஏலம் கேட்கின்றனர்.

ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை வெறும் எண்ணன்று. அவரது வசதியையும் தேவையையும் காட்டிவிடும் இரகசியமாகும். 2008 ஜனவரியில் டென்மார்க்கில் சுமார் 1,200 விவசாயிகள், சீனி ஆலைக்குப் பீட் கிழங்கு வழங்கும் உரிமையைக் கணினிவழி ஏலத்தில் தமக்குள் விற்று வாங்கினர். ஒவ்வொருவரும் கேட்ட விலை ஆலைக்குத் தெரிந்தால், பின்னர் அவருடன் பேரம் பேசுகையில் அது அவருக்கே பாதகமாகலாம். ஆகவே ஒவ்வொரு விலையும் இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டது. ஆலை, விவசாயிகள் சங்கம், ஆய்வாளர் குழு ஆகிய மூன்று தரப்பாரின் கணினிகளும் சேர்ந்தே கணக்கிட்டன. பொதுவான சந்தை விலை மாத்திரமே வெளிவந்தது. தனிமனிதர் கேட்ட விலையை எத்தரப்பாரும் தனித்து அறிய இயலவில்லை.

பிறரின் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் (49:12) தடுத்துள்ளது. அந்த அமானிதத்தை இவ்வாறு கணினியைக் கொண்டும் பேணலாம். ஆனால், கேட்பவரின் நிய்யத்தைக் கணினி திருத்தாது. வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்ற விலையை உயர்த்திக் கேட்பது 'நஜ்ஷ்' எனப்படும். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது.

இளைஞர்களே! உங்கள் நண்பர் தமது கைத்தொலைபேசியை இணையத்தில் ஏலமிட்டு, "வேறு பெயரில் வந்து விலையைக் கூட்டிவிடு" எனக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது நட்புக்குச் செய்யும் உதவியன்று. முகமறியாத ஒருவருக்கு இழைக்கும் அநீதியாகும். பெற்றோர்களே! பிள்ளை எவ்வளவு இலாபம் பெற்றான் என்று கேட்குமுன், எவ்வழியில் பெற்றான் என்று கேளுங்கள்.

திரைக்குப் பின்னால் நம் பெயரை மறைத்துக்கொள்ளலாம். அல்லாஹ்வின் பார்வையிலிருந்து எதனை மறைப்போம்? கொடுக்கல் வாங்கலில் நேர்மையாளர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.